கூட்டம் கெட்டால் போகம் கெடும்

விதை கெட்டால் ஒரு வயல் கெடும். மதகு கெட்டால் ஒரு பகுதி கெடும். ஊர்க்கூட்டம் கெட்டால் ஊரின் போகம் முழுவதுமே கெடும். கேட்பதற்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் குடியானவர் எவரும் சற்று ஆலோசித்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும். தம் நிலத்தை உழுவதும், நாற்று விடுவதும், எரு இடுவதும் ஒருவர் தாமே செய்யக்கூடிய காரியங்கள். ஏரியின் மதகைத் திறப்பதும், வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதும், கலங்கலைக் காப்பதும் அவ்வாறல்ல. அவை பலர் கூடி முடிவு செய்து, பலர் கூடி நிறைவேற்ற வேண்டியவை. ஆகவே ஏரி நாட்டில் நல்ல விவசாயியாக இருப்பதற்கு ஏர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கூட்டம் நடத்தவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

நல்ல விதையின் குணத்தையும், உரத்தின் அளவையும் காட்டுவதற்கு மாதிரிப் பண்ணைகள் உண்டு. கூட்டம் நடத்தும் முறையைக் காட்டுவதற்கு அத்தகைய பண்ணை எங்கும் கிடையாது. பேச எவருக்கும் தெரியும். ஆதலால் கூட்டம் நடத்தவும் எவருக்கும் தெரியும் என்ற எண்ணமே பரவியிருக்கிறது. இவ்வெண்ணத்தினால் விளையும் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மாசி மாதத்தில் காய்ந்து நிற்கும் கடைமடை வயலைக் கண்டவர் மழையை நோவர், வாய்க்காலை நோவர், மதகைத் திறந்தவனை நோவர். தை மாதத்தில் ஒரு முடிவுமின்றிக் கலைந்துபோன கூட்டத்தை நோவார் இலர்.

வழக்கமான கூட்டம்

பல கிராமங்களில் கூட்டம் நடைபெறும் விதம் யாவரும் அறிந்ததே. காலை பத்து மணிக்கு என்று சொல்லப்படும். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். நேரத்திற்கு வந்தவர்கள் காத்திருந்து சலித்து வீடு திரும்பியிருப்பார்கள். எதற்காகக் கூட்டம் என்பது வந்த பின்னரே தெரியவரும். முதலில் வரவேற்பும் மரியாதைகளும் நடக்கும். பின்பு ஒருவர் ஏரியைப் பற்றிப் பேச எழுவார். மற்றொருவர் ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய வரப்புச் சண்டையை எடுப்பார். மூன்றாமவர் இருவருக்கும் சமாதானம் சொல்வார். தலைமடையில் நிலமுடைய நால்வர் மாத்திரம் உரக்கப் பேசுவர். கடைமடைக்காரர் திண்ணை ஓரத்தில் நின்று கேட்பர். இரண்டு மூன்று மணி நேரம் கழிந்த பின், "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு சொல்லோடு எல்லோரும் எழுந்துவிடுவர். வருகைப் புத்தகத்தில் கையொப்பம் மட்டும் முறையாக வாங்கப்படும். தீர்மானம் எழுதப்பட வேண்டிய பக்கம் வெறுமையாகவே இருக்கும். அது பின்னர் யாரோ ஒருவரால் நிரப்பப்படும்.

இதில் பொல்லாங்கு செய்தவர் எவருமில்லை. வந்தவர் அனைவரும் நல்லவர்களே. ஆயினும் கூட்டத்தின் முடிவில், எவர், எந்த வேலையை, எந்த நாளுக்குள், யாருடைய பணத்தைக் கொண்டு செய்ய வேண்டும் என்று கேட்டால் ஒருவருக்கும் விடை தெரியாது. அத்தகைய கூட்டத்தைக் கூட்டமென்று சொல்வதைவிடச் சந்தை என்று சொல்லலாம். சந்தையிலேனும் வாங்கிய பண்டம் கையில் மிஞ்சும்.

நவரைக் கணக்கு

இவ்வட்டாரத்தில் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிரம்புகிறது. மார்கழி, தை மாதங்களில் நவரைக்கு எத்தனை ஏக்கர் நடலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஏரிப் பாசனக் கிராமங்களில் ஆண்டு முழுவதிலும் நடைபெறும் கூட்டங்களுள் இதைவிட முக்கியமானது வேறில்லை. பிழை நேர்ந்தால் அதன் பலன் இரண்டு மாதத்திற்குள் கதிர் முற்றாத வயலாகக் கண்முன் நிற்கும்.

உதாரணமாக, 120 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஒரு சிற்றேரியை எடுத்துக்கொள்ளலாம். தை மாதத் தொடக்கத்தில் அதில் 100 லட்சம் கன அடி நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 105 முதல் 115 நாட்களில் விளையும் குறுகிய கால நெல்லுக்கு, நாற்றங்கால் முதல் அறுவடை வரையில், மொத்தம் ஏறக்குறைய 4 அடி உயர நீர் வேண்டும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஆகவே ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 74 ஆயிரம் கன அடி நீர் செல்லும். வெயிலில் ஆவியாவதும், ஏரியிலும் வாய்க்காலிலும் கசிந்து போவதும் மூன்றில் ஒரு பங்கு என்று கழித்தால், மிஞ்சுவது 67 லட்சம் கன அடி. அதைக் கொண்டு 38 ஏக்கருக்குமேல் நெல் விளைவிக்க இயலாது.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்லாவிடில் நடப்பது யாது? ஒவ்வொருவரும் தத்தம் நிலம் முழுவதையும் நட்டுவிடுவர். 120 ஏக்கரிலும் நாற்று விழும். விதைக்கும், உழவுக்கும், உரத்துக்கும், கூலிக்கும் பணம் செலவாகும். தூர் கட்டும் வரையில் எல்லா வயல்களும் பச்சையாகவே இருக்கும். பூக்கும் தருணத்தில் ஏரி வறளும். தலைமடைக்காரர் எப்படியோ பிழைப்பர். கடைமடைக்காரர் கடன் வாங்கி நட்ட பயிர் மாடு மேயும் தீவனமாகும். கிணறு வைத்திருப்பவர் இரவெல்லாம் நீர் இறைத்து அரைகுறையாகக் காப்பாற்றுவார். கிணறு இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

அதே ஊர் முறையாகக் கூடியிருந்தால் வேறு வழிகள் உண்டு. உளுந்துக்கு ஏறக்குறைய ஓரடி உயர நீர் போதும். ஓர் ஏக்கர் நெல்லுக்குரிய நீரில் நான்கு ஏக்கர் உளுந்து விளையும். நிலக்கடலைக்கு ஏற்ற மண் இருக்குமாயின், ஓர் ஏக்கர் நெல்லின் நீரில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேலாகவே நிலக்கடலை பயிரிடலாம். மேற்கண்ட ஏரியில் 24 ஏக்கர் மாத்திரம் நெல்லும், மிஞ்சிய நீரில் 56 ஏக்கர் உளுந்தும் என்று ஊரார் ஒத்துக்கொண்டால், 80 ஏக்கர் விளையும்; ஒருவர் பயிரும் காயாது. நெல் பயிரிடும் நிலத்தை ஒரே மதகின் கீழ்ச் சேர்த்து வைத்தால் வாய்க்கால் கசிவும் குறையும். அந்த 24 ஏக்கர் எவருடையது, மற்றவர்க்கு என்ன ஈடு என்பதே கடினமான கேள்வி. அக்கேள்விக்கு விடை காணவே கூட்டம் வேண்டும். எளிதில் முடியும் காரியத்திற்குக் கூட்டம் தேவையில்லை. யாரேனும் ஒருவர் செய்துவிடலாம். மனத்தாங்கல் உண்டாகக்கூடிய காரியத்தை மனத்தாங்கலின்றி முடிப்பதற்கே மனிதர் கூடுகின்றனர்.

உத்திரமேரூரில் கண்ட முறை

கூட்ட ஒழுங்கு என்பது பட்டணத்துக் கம்பெனிகளின் சரக்கு. கிராமத்துக்கு ஒவ்வாது என்று சிலர் எண்ணுவதுண்டு. அவர்கள் காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூருக்கு ஒரு முறை சென்று, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்து வருதல் நலம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், அவ்வூர்ச் சபையார் தங்கள் வாரியங்களை அமைக்கும் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றனர்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் கூடிய சபையின் நடுவே, நம்பிமார்களுள் மூத்தவர் ஒருவர் எல்லோரும் காணும்படி குடத்தை உயர எடுத்து நின்றார். ஒன்றுமறியாத பாலகன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படித்தான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் யாவரும் படித்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். அவர்களுடைய காலம் 360 நாட்கள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் எக்காலத்தும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. குற்றம் கண்டவரை உடனே நீக்கவும் விதி இருந்தது.

இவ்விதிகளில் இக்காலத்துக்கு ஒவ்வாதன பல. அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே வாரியத்தில் இடமிருந்தது. உழுத கைகளுக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. அதனை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனொன்றுமில்லை. ஆயினும் மூன்று பாடங்கள் இன்றும் கொள்ளத்தக்கவை.

முதலாவது, ஏரிக்கென்று தனியே அறுவர் பெயர் குறிக்கப்பட்டனர். "ஊரார் பார்த்துக்கொள்வர்" என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஊரார் பார்ப்பது என்பது ஒருவரும் பாராதது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

இரண்டாவது, எல்லாம் யாவர் கண்முன்னும் நடந்தது. குடத்தை உயர்த்தியதும், விரலை விரித்ததும், பலமுறை படித்ததும் சடங்கல்ல. சந்தேகத்தை முளையிலேயே கிள்ளும் உபாயம். முடிவு நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. நியாயம் என்று கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, 919-இல் செய்த விதியை 921-இல் அச்சபையாரே திருத்தினர். முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது வரம்பை முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றினர். இரண்டே ஆண்டுகளில் தங்கள் முறையில் குறை கண்டு, மீண்டும் கூடி, முன்னிலும் விரிவாக எழுதி வைத்தனர். சென்ற ஆண்டு செய்ததை இவ்வாண்டு பரிசீலித்துத் திருத்தும் ஊரே வளரும் ஊர்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் அக்கல்வெட்டுகளில் உண்டு. இரண்டு முறையும் அரசன் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார். ஆனால் ஏற்பாட்டைச் செய்தவர் சபையார். அதிகாரி இருக்குமிடத்தில் கூட்டம் வாய் மூடிவிடுமாயின், அங்கே எழுதப்படும் தீர்மானம் அதிகாரியுடைய தீர்மானமே. அவர் மாற்றலாகிப் போகும் நாளில் அதுவும் உடன் போய்விடும்.

காஞ்சியின் பழக்கம்

காஞ்சி நகரத்துக்கும் இவ்வொழுங்கு புதிதன்று. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையில் உள்ள உத்தம சோழன் செப்பேடுகள், பத்தாம் நூற்றாண்டில் கச்சிப்பேட்டின் பட்டு நெசவாளர்கள் கோயில் காரியங்களை நிர்வகிக்கும் பொறுப்பைப் பெற்றிருந்ததைக் கூறுகின்றன. 1904-ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே நாட்டின் முதலாவது நகரக் கூட்டுறவு நாணயச் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. அதே ஆண்டில் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளின் நாணயச் சங்கம் தோன்றியது. பங்கு பத்து உடையவருக்கும் வாக்கு ஒன்று, பங்கு ஒன்று உடையவருக்கும் வாக்கு ஒன்று என்பதே கூட்டுறவின் அடிப்படை. ஆயினும் வாக்கு ஒன்றாக இருந்து பயனென்ன? வாய் திறக்க ஒரு சந்தர்ப்பம் இல்லையாயின், அவ்வாக்கு பெட்டியில் பூட்டிய விதைக்கு ஒப்பாகும்.

காஞ்சியின் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தறியில் நெய்பவர் ஒருவர். மறுபுறம் கரையின் நாடாவைக் கொடுத்து வாங்கும் உதவியாள் ஒருவர். மூன்று நாடாக்கள் முறை தவறாமல் போய் வர வேண்டும். ஒரு முறை தப்பினால் உடலும் கரையும் அவ்விடத்தில் பிணையாது. கை வேகம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை. முறை தெரிந்திருத்தல் வேண்டும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவையும் அவ்வாறே. பெருங்கூட்டத்தின் நடுவே வாகனம் புறப்படுகிறதென்றால், தோள் கொடுப்பவர் யார், குடை பிடிப்பவர் யார், தீவட்டி எடுப்பவர் யார் என்பது முன்னரே தீர்ந்திருப்பதே காரணம். பெருமாளுக்கு இவ்வளவு திட்டமாகக் காரியம் செய்யும் ஊரார், ஏரிக்கு மாத்திரம் எல்லாவற்றையும் விதிக்கு விட்டுவிடுதல் பொருந்துமா?

செய்யத்தக்க முறை

ஏரிக் கூட்டமாயினும், சங்கத்தின் பொதுக் கூட்டமாயினும், கிராம சபையாயினும், கவனிக்க வேண்டியவை சிலவே.

கூட்டத்தின் பாதி வேலை கூட்ட நாளுக்கு முன்பே முடிந்திருத்தல் வேண்டும். நவரைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, தலைமடையில் ஒருவரும் கடைமடையில் ஒருவரும் சேர்ந்து சென்று ஏரியின் நீர்மட்டத்தைக் குறித்து வருதல் வேண்டும். ஒருவர் மட்டும் சென்றால் அக்கணக்கை மற்றவர் நம்பார். கொள்ளளவு விவரத்தைப் பாசனத் துறையாரிடமும், ஆயக்கட்டு விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்னதாகவே கேட்டு வைத்தல் வேண்டும். கணக்கில்லாத கூட்டத்தில் குரல் பெரியவரே வெல்வர். கணக்குள்ள கூட்டத்தில் கணக்கு வெல்லும்.

நாளும் நேரமும் வேலை செய்வோருக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். பங்குனி உத்திரத்தன்றும், கருடசேவையன்றும், முகூர்த்த நாளிலும் கூட்டம் வைத்தால் ஆள் சேராது. நடவு நாளின் முற்பகலில் வைத்தால், கூலியை விட்டு ஏழைகள் வர மாட்டார்கள். அவர்கள் இல்லாத இடத்தில் எழுதிய முடிவை அவர்கள் மதிப்பதுமில்லை. குறித்த நேரத்தில், வந்தவர் பத்துப் பேராயினும், தொடங்கிவிடல் வேண்டும். இரண்டு கூட்டங்கள் அவ்வாறு நடந்தால் மூன்றாவது கூட்டத்துக்கு யாவரும் நேரத்தில் வருவர்.

பேசப்போகும் விஷயங்கள் மூன்றுக்கு மேற்படலாகாது. அவற்றைத் தலைப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதி, முன்கூட்டியே ஊர்ப் பலகையில் ஒட்டுதல் நலம். "ஏரி நீர்" என்று எழுதினால் வாய்க்கு வந்தவை எல்லாம் பேசப்படும். "இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் நெல், எந்த மதகின் கீழ்?" என்று எழுதினால், வருகிறவர் வீட்டிலேயே யோசித்து வருவர். மிகக் கடினமான கேள்வியை முதலில் எடுத்தல் வேண்டும். களைத்துப் போன கூட்டம் கடினமான காரியத்தைத் தீர்ப்பதில்லை; தள்ளிப்போடவே செய்யும்.

தலைவராக அமர்பவர் கடைசியில் பேசுதல் நன்று. அவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால், மற்றவர் சொல்வது ஆமோதிப்பாகவோ பகையாகவோ முடிந்துவிடும். கடைமடைக்காரரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பது ஒரு நல்ல வழக்கம். குத்தகைக்குப் பயிரிடுவோரும், நிலத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் பெண்களும் அவ்வாறு அழைக்கப்பட்டாலன்றிப் பேச மாட்டார்கள். விஷயத்துக்குப் புறம்பான வழக்கு எழுந்தால், அதைத் தனியே குறித்து வைத்து, மற்றொரு நாள் பேசுவதாகச் சொல்லி நிறுத்துதல் வேண்டும். சொன்னபடி மற்றொரு நாள் பேசவும் வேண்டும். இல்லையேல் அடுத்த முறை அவரை நிறுத்த முடியாது.

முடிவு எழுதும்போது வேலை, ஆள், நாள், பணம் ஆகிய நான்கும் ஒவ்வொன்றுக்கும் இருத்தல் வேண்டும். "வரத்துக் கால்வாய் சுத்தம் செய்யப்படும்" என்பது தீர்மானமன்று, ஆசை. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இன்னார் பொறுப்பில், ஆடி முடிவதற்குள், ஏக்கருக்கு இவ்வளவு வசூலித்துச் செய்யப்படும் என்பதே தீர்மானம். அதைக் கூட்டம் கலைவதற்கு முன் அங்கேயே எழுதி, உரக்கப் படித்து, அதன் பின்னரே கையொப்பம் வாங்குதல் வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையொப்பமிடுவது, வெற்றுப் பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும்; இதனை அறியாத குடியானவர் இல்லை, ஆயினும் கூட்டங்களில் இதுவே நடக்கிறது.

அடுத்த கூட்டம் பழைய புத்தகத்தைப் படிப்பதில் தொடங்க வேண்டும். எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, வசூலான பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பவற்றைக் கேட்ட பின்பே புது விஷயத்துக்குப் போதல் முறை. உத்திரமேரூரார் கணக்குக் காட்டாதவரை விலக்கியது இக்காரணம் பற்றியே. கணக்குக் கேட்பது அவமதிப்பு என்று பெரியவர்கள் எண்ணலாகாது. நேர்மையாகச் செலவிட்டவருக்குக் கணக்கைப்போன்ற கவசம் வேறில்லை.

ஆட்சேபங்கள்

"நாலு பெரிய மனிதர் பேசி முடித்தால் ஒரு மணியில் ஆகிவிடும், ஊரைக் கூட்டுவானேன்?" என்று கேட்பவர் உண்டு. முடிவு செய்வது ஒரு மணியில் ஆகும் என்பது மெய்யே. ஆனால் கேளாமல் செய்த முடிவைக் கேட்பார் யார்? இரவில் மதகை உயர்த்துபவரைத் தடுக்க நால்வரும் ஒவ்வொரு இரவும் காவல் இருக்க வேண்டிவரும். 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குடிமராமத்து வேலைக்குச் சட்டத்தின் பலம் அதில் அளிக்கப்பட்டது. அதன் பின்னும் குடிமராமத்து தளர்ந்தே வந்தது. 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஏரிகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. தாங்களே கூடி ஒப்புக்கொண்ட வேலையை ஊரார் செய்வர். மேலிருந்து சுமத்தியதைச் செய்யார்.

"கிராம சபை இருக்கிறதே, வேறு கூட்டம் எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அது ஊர் முழுவதற்கும் உரிய சபை. குடிநீர், சாலை, விளக்கு முதலிய பலவும் அங்கே வரும். நவரைப் பரப்பளவை முடிவு செய்ய ஜனவரி 26 வரை காத்திருந்தால், அதற்குள் பலர் நாற்றே நட்டிருப்பர். பயிரின் நாட்காட்டி வேறு. ஆகவே ஆயக்கட்டுதாரர் தனியே, பட்டத்துக்கு முன்பே கூட வேண்டும். தங்கள் முடிவைக் கிராம சபையில் அறிவித்து எழுதி வைத்தால் அதற்கு மதிப்பும் கூடும்.

தற்காலத்தில் விவசாயிகள் பலர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் பங்குதாரராகச் சேர்ந்திருக்கின்றனர். அவற்றின் பொதுக் கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாட்கள் முன்பு அறிவிப்புத் தர வேண்டும் என்றும், அங்கத்தினரில் நாலில் ஒரு பங்கினர் வந்திருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவை வெறும் காகிதச் சம்பிரதாயம் என்று கருதி, அறிவிப்பைப் பெட்டியிலும் வருகையைப் பேனாவிலும் முடித்துவிடும் நிறுவனம் நெடுநாள் நிலைக்காது. பணம் போட்டவர் வாராத கூட்டத்தில் பணம் போன வழி தெரிவதில்லை.

மூன்று மணிப் பேச்சைவிட ஒரு மணி வேலை மேல் என்பர். அது கெட்ட கூட்டத்தைக் கண்டவர் சொல்லும் சொல். நன்றாக நடந்த ஒரு மணிக் கூட்டம், நூறு ஆள் நாட்களின் வீண் வேலையைத் தடுக்கும். ஏரி நிரம்பிய ஆண்டில் எந்த ஊரும் ஒற்றுமையாகவே காணப்படும். பாதி ஏரியே நிற்கும் ஆண்டில்தான் ஊரின் தரம் தெரியவரும். அவ்வாண்டு தை மாதம் பிறப்பதற்கு முன், நீர்மட்டத்தைக் குறித்த ஒரு சீட்டும், மூன்று கேள்விகளும், கோடிட்ட ஒரு புத்தகமும் எந்த ஊரில் ஆயத்தமாக இருக்கின்றனவோ, அந்த ஊரின் கடைமடை வயலிலும் மாசி முடிவில் கதிர் தலை சாயும் என்பது திண்ணம்.